ஜப்பானில் ஏழு ஊர் வேண்டாம், நாலு போதும்

கேள்வி: நான், மனைவி, 13 வயது மகள், 7 வயது மகன், என் அப்பா (73), அம்மா (68) என்று ஆறு பேர் ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் ஜப்பான் போகலாம் என்றிருக்கிறோம். 12 இரவுகள். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா, ஒகினாவா, இஷிகாகி தீவு எல்லாம் பார்க்க ஆசை. பிள்ளைகளுக்குக் கடற்கரை கட்டாயம் வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி. அம்மா முட்டைகூடத் தொடாத சுத்த சைவம், வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. செலவைப் பற்றிக் கவலை இல்லை. எங்களுக்காக உழைத்துக் களைத்த அப்பா அம்மாவை ஒருமுறையாவது ராஜா ராணி மாதிரி அழைத்துப் போக வேண்டும். ஒரு டிராவல்ஸில் ஏழு ஊருக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டல் போட்டுத் திட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? – திருப்பூர் வாசகர்

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹோட்டல்கள் அத்தனையும் நல்லவைதான், தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 12 இரவில் ஏழு ஊர் என்றால் ஆறு முறை பெட்டி கட்ட வேண்டும், ஆறு முறை காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், ஆறு முறை மதியம் மூன்று மணி வரை அடுத்த அறைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைப்பட்ட நேரமெல்லாம் அப்பா ரயில் நிலையத்து நாற்காலியிலோ ஹோட்டல் வரவேற்பறை சோபாவிலோ உட்கார்ந்திருப்பார். எவ்வளவு உயர்ந்த ஹோட்டலானாலும் அந்தக் களைப்பை அது ஈடுகட்டாது. ராஜா மாதிரி அழைத்துப் போவது என்றால் அவர் அவசரப்படாமல் காலைக் காபியைக் குடித்து முடிக்க வேண்டும். உங்கள் பணம் முதலில் அதற்குச் செலவாகட்டும்.

முதலில் தேதி. நம் கோடை விடுமுறையில்தான் ஜப்பானின் 'கோல்டன் வீக்'கும் வருகிறது. ஏப்ரல் 29, மே 3, 4, 5 நான்கும் அங்கே தேசிய விடுமுறை. நாடே கிளம்பிவிடும்; ரயில், விமானம், ஹோட்டல் எதிலும் இடமும் கிடைக்காது, விலையும் அடங்காது. அது முடிந்த கையோடு, மே நடுவில், ஒகினாவாவில் மழைக்காலம் தொடங்கிவிடும், ஜூன் பின்பாதி வரை விடாது. ஆகவே சித்திரை முதல் நாள் பூஜையை வீட்டில் முடித்துவிட்டு அன்றிரவே கிளம்புங்கள். ஏப்ரல் 15 முதல் 28 வரை அங்கே இருக்கலாம். பன்னிரண்டு இரவு பதின்மூன்றாகும்; அந்த ஓர் இரவு ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். டோக்கியோவிலும் கியோட்டோவிலும் செர்ரிப் பூ அதற்குள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். மகள் அதை எதிர்பார்த்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

டோக்கியோ மூன்று இரவு, ஹகோனே இரண்டு, கியோட்டோ மூன்று, ஒகினாவா நான்கு. ஒசாகா, ஹிரோஷிமா, இஷிகாகி மூன்றையும் நீக்கிவிட்டேன்.

ஹிரோஷிமாவை நீக்க மனசு வரவில்லை. ஆனால் அங்குள்ள அமைதி நினைவு அருங்காட்சியகம் காலையில் போய் மதியம் திரும்பும் இடமல்ல. எரிந்த பள்ளிச் சீருடைகளையும் சாப்பாட்டு டப்பாக்களையும் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு அன்றைக்கு வேறு எதுவும் தேவைப்படாது, பேசுவதற்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். 7 வயதுக்கு அது தாங்காது. மகளை இன்னும் இரண்டு வருஷம் கழித்து நீங்கள் மட்டும் அழைத்துப் போங்கள்.

டோக்கியோவைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன், அதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். டோக்கியோ ஸ்டேஷனை ஒட்டிய ஓட்டேமாச்சி, நிஹோன்பாஷி பக்கம் தங்குங்கள். ஆமான், பேலஸ், மாண்டரின் ஓரியண்டல் எல்லாம் அங்கேதான். எந்த ஹோட்டலானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. ஜப்பானில் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்பதில் கறாராக இருப்பார்கள். கடைசி நேரத்தில் 'குழந்தைதானே, எங்களோடு படுத்துக்கொள்ளும்' என்ற பேச்சு எடுபடாது. நடுவில் கதவு வைத்த இணைப்பு அறைகளாகக் கேளுங்கள். 'முயற்சி செய்கிறோம்' என்று பதில் வந்தால் அதற்குப் பொருள் 'கிடையாது' என்பதுதான். 'உறுதி' என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

அங்கே ஒரு நாளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். மித்தாகாவிலுள்ள, கார்ட்டூன் படங்கள் எடுக்கும் கிப்ளி ஸ்டுடியோவின் அருங்காட்சியகத்துக்கு வாசலில் சீட்டு கிடையாது. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு, அடுத்த மாதத்துக்கான சீட்டு இணையத்தில் திறக்கும். நம் நேரத்தில் காலை ஆறரை. மார்ச் 10 அன்று அலாரம் வைத்து மகளை எழுப்பி உட்கார வையுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள்.

டோக்கியோவுக்குப் பக்கத்திலேயே கடற்கரை இருக்கிறதே, காமகுராவும் எனோஷிமாவும் ஒரு மணி நேரம்தானே என்று பலரும் கேட்கிறார்கள். காமகுராவின் வெண்கல புத்தரை அவசியம் பாருங்கள், 11 மீட்டருக்கு மேல் உயரம், திறந்த வெளியில் வானத்தின் கீழ் அமர்ந்திருக்கிறார். ஆனால் அங்குள்ள மணல் சாம்பல் நிறம், பிள்ளைகள் மனதில் வைத்திருக்கும் கடற்கரை அது அல்ல. எனோஷிமா தீவில் பென்ஸைதென் கோயில் இருக்கிறது. நம் சரஸ்வதிதான் பௌத்தத்தோடு கடல் கடந்து போய் அங்கே அந்தப் பெயரில் வீணைக்குப் பதில் பிவா வாத்தியத்தை ஏந்தியிருக்கிறாள். அம்மாவுக்கு அது பெரிய விஷயமாக இருக்கும். மேலே ஏற எஸ்கலேட்டர் உண்டு, இறங்குவதற்கு இல்லை. முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வினை. அதனால் அம்மாவோடு நீங்கள் ஏறுங்கள், அப்பா கீழே கடலைப் பார்த்தபடி தேநீர் குடிக்கட்டும்.

இனி பெட்டி. ஆறு பேருக்கு ஆறு பெரிய பெட்டியாவது வரும். புல்லட் ரயில் கியோட்டோவில் ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். நீளம், அகலம், உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும். இதையெல்லாம் செய்யவே வேண்டாம், 'தக்யூபின்' என்ற பெட்டி அனுப்பும் சேவை இருக்கிறது. ஹகோனேவுக்குக் கிளம்பும் காலையில் பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு உருட்டிப் போங்கள். ஒரு சீட்டு தருவார்கள். அதில் கியோட்டோ ஹோட்டல் முகவரி, முன்பதிவு யார் பேரில் இருக்கிறதோ அந்தப் பெயர், நீங்கள் அங்கே சேரும் தேதி மூன்றையும் எழுத வேண்டும். தேதியை மறந்துவிடாதீர்கள், 20ஆம் தேதி என்று எழுதினால் 20ஆம் தேதி வரும். ஒரு பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். ஹகோனேவுக்கு இரண்டு நாள் துணி, மருந்து மட்டும் கைப்பையில். கியோட்டோவில் அறைக் கதவைத் திறந்தால் ஆறு பெட்டியும் வரிசையாக நின்றுகொண்டிருக்கும். நான் அனுப்பிய குடும்பங்களில் வயதானவர்கள் திரும்பி வந்து அதிகம் சொல்லிச் சொல்லி வியப்பது கோயிலையோ கோபுரத்தையோ அல்ல, இதைத்தான். ஒகினாவாவுக்கு மட்டும் இப்படி அனுப்பாதீர்கள். நாள் பிடிக்கும், ஸ்ப்ரே, பேட்டரி உள்ள பெட்டி கப்பலில் போகும். அங்கே விமானத்தோடே எடுத்துப் போங்கள்.

குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலில் எத்தனை முறையும் போக உதவும் ஜே.ஆர். பாஸ் வாங்கச் சொல்லியிருக்கிறார்களா? உங்களுக்கு வேண்டாம். 2023 அக்டோபரில் விலை ஏறி, ஏழு நாள் பாஸ் சாதாரண வகுப்பிலேயே 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குத் தனிச் சீட்டு சுமார் 14,000 தான், மகனுக்கு அதிலும் பாதி. மிச்சமாகும் காசில் முதல் வகுப்பான கிரீன் காரில் உட்காருங்கள். ஹகோனேவுக்கு ஓடாவாராவில் இறங்க வேண்டும், டோக்கியோவிலிருந்து 35 நிமிஷம். அங்கிருந்து கியோட்டோ போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வேகமான நொசோமி ரயில் ஓடாவாராவில் நிற்காது, அதற்கு அடுத்த வேகமுள்ள ஹிகாரி ரயில்களிலும் சில மட்டுமே நிற்கும். முதலில் ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஹகோனேவிலிருந்து ஸ்டேஷன் போகும் காரைச் சொல்லுங்கள். வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்கினால், மேகமில்லாத நாளில் ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான்.

ஹகோனேவில் ஜப்பானிய மரபு விடுதியான ரியோகானில் தங்குகிறீர்கள். பாய் விரித்த அறை, வெந்நீர் ஊற்றுக் குளியல், இரவில் சின்னச் சின்னப் பதார்த்தங்களாக வரிசையாக வரும் கைசெக்கி விருந்து. வாடகை அறைக்கு இல்லை, ஆளுக்கு இவ்வளவு. இரவு, காலை உணவோடு உயர்தர ரியோகானில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு 50,000 யென்னைத் தாண்டுவது சாதாரணம். பொதுக் குளியலறையில் ஆண்களும் பெண்களும் தனித்தனி, ஆனால் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும், நீச்சல் உடைக்கும் அனுமதி இல்லை. அம்மா அந்தப் பக்கமே போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அறைக்குள்ளேயே வெந்நீர்த் தொட்டி இருக்கும் வகையை எடுங்கள். இந்தப் பயணத்தில் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். விடிகாலையில் பனிக்குளிரில் கழுத்து வரை வெந்நீரில் அப்பா கால் நீட்டி உட்கார்ந்தால் முட்டிக்கு அதைவிட இதம் வேறில்லை. படுக்கைக்குத் தரை மெத்தை வேண்டாம், கட்டில் உள்ள அறை என்று சேர்த்து எழுதுங்கள். தரையிலிருந்து எழுவது அவருக்குக் கஷ்டம்.

சாப்பாடுதான் இதில் கடினமான பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், உங்கள் குடும்பத்தைப் போலவே ஒரு குடும்பத்தை ஒரு ரியோகானுக்கு அனுப்பினேன். 'வெஜிடேரியன்' என்று முன்பதிவில் எழுதியிருந்தேன். முதல் கிண்ணத்தில் தெளிந்த ரசம் மாதிரி ஒரு சூப். பாட்டி ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் காலை கத்தரிக்காய்ப் பொரியல் வந்தது. அதன் மேல் இளஞ்சிவப்பு மரச் சீவல் போல ஏதோ தூவியிருந்தது, சூட்டில் அது நெளிந்து நெளிந்து ஆடியது. காய்ந்த சூரை மீன் சீவல், கட்சுவோபுஷி. அந்த அம்மாள் இரண்டு நாளும் வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு வந்தார். ரியோகான் மீது தவறில்லை, தவறு என்னுடையது. இறைச்சித் துண்டு இல்லையென்றால் வெஜிடேரியன் என்றுதான் அங்கே பலரும் நினைப்பார்கள். சூப், குழம்பு, சாஸ், சில சமயம் காய் வேகவைக்கும் தண்ணீர் வரை எல்லாவற்றுக்கும் அடி 'தாஷி' என்ற சாறு. அது பெரும்பாலும் மீனிலிருந்து எடுப்பது.

அன்றிலிருந்து நான் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதி நிறுத்துவதே இல்லை. இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது, கொம்பு என்ற கடற்பாசியிலோ காய்ந்த ஷிடாக்கே காளானிலோ எடுத்த தாஷி என்றால் சேர்க்கலாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதி, இரண்டு வாரம் முன்பே அனுப்பி, சமையல்காரரின் பதில் வந்த பிறகே முன்பதிவை உறுதி செய்கிறேன். சில இடங்களில் 'எங்களால் முடியாது' என்று பணிவாக எழுதிவிடுவார்கள். அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு அடுத்த இடம் பாருங்கள், ஒப்புக்கொண்டுவிட்டுத் தடுமாறுவதைவிட அது நல்லது. அதே வாசகத்தை அட்டையில் அச்சிட்டு ஆளுக்கொன்று பையில் வையுங்கள்.

அம்மாவுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. ஜப்பானிய பௌத்தத் துறவிகளின் 'ஷோஜின்' உணவில் மாமிசம் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. கியோட்டோவில் அராஷியாமா மூங்கில் தோப்பை ஒட்டியிருக்கும் தென்ர்யூஜி கோயிலுக்குள்ளேயே 'ஷிகெட்சு' என்ற உணவகத்தில் மதியம் இந்தச் சாப்பாடு கிடைக்கும். சிவப்புத் தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்கள்: எள்ளு டோஃபு, வேகவைத்த காய், ஊறுகாய், சோறு. தேசம் விட்டுத் தேசம் வந்து, இது என்ன என்று யாரையும் கேட்காமல் அம்மா சாப்பிடக்கூடிய ஒரு வேளை அது. பாய் விரித்த அறையில் தாழ்வாகப் பரிமாறுவார்கள், அப்பாவுக்கு நாற்காலி கிடைக்குமா என்று முன்பதிவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கியோட்டோவில் பஸ் வேண்டாம், கூட்டம் தாங்காது. ஆறு பேர் உட்காரும் ஜம்போ டாக்சியை ஓட்டுநரோடு நாள் வாடகைக்கு எடுங்கள். வண்டியின் நம்பர் பிளேட் பச்சையாக இருக்க வேண்டும். வெள்ளை என்றால் அது சொந்த வண்டி, வாடகைக்கு ஓட்ட உரிமமில்லாதது. விபத்து நடந்தால் கேட்க நாதியில்லை. கியோமிசு கோயிலுக்கு மேடு ஏற வேண்டும், ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாயில்கள் மலை மேல் வரை படிகளாகப் போகும். அங்கெல்லாம் அப்பாவுக்கு அடிவாரம் போதும். அவருக்கென்றே ஓர் இடம் சொல்கிறேன், சஞ்சூசங்கென்தோ. சமதரையில் 120 மீட்டர் நீள மர மண்டபம், உள்ளே 1,001 கன்னோன் சிலைகள், அவலோகிதேஸ்வரர்தான். முன்வரிசையில் 28 காவல் தெய்வங்கள் நிற்கின்றன. பிரம்மா, இந்திரன், அப்புறம் அலகும் சிறகுமாகப் புல்லாங்குழல் ஊதும் கருடன். அங்கே அவர் பெயர் 'கருரா'. படம் எடுக்க விட மாட்டார்கள், ஆகவே நின்று நிதானமாகப் பார்ப்பீர்கள்.

மூன்றாம் நாள் பிரிந்து போங்கள். நீங்களும் பிள்ளைகளும் ரயிலேறி ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோவுக்குப் போய் நின்டெண்டோ உலகத்தில் கத்திக் கூத்தாடிவிட்டு இரவு வாருங்கள். பெரியவர்கள் ஹோட்டல் தோட்டத்தில் இருக்கட்டும். குடும்பமாகப் போனால் எல்லாரும் எல்லா நேரமும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. 2026 மார்ச் முதல் கியோட்டோவில் தங்கும் வரி ஏறியிருக்கிறது, மிக உயர்ந்த கட்டண அறைகளுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 10,000 யென் வரை. கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒசாகாவிலிருந்து இரண்டு மணி நேர விமானத்தில் ஒகினாவாவின் நாஹா. அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் வடக்கே போனால் ஒன்னா கிராமத்துக் கடற்கரை, பெரிய ரிசார்ட்டுகள் வரிசையாக இருக்கும் இடம். மணலின் அழகு மட்டும்தான் கணக்கு என்றால் மியாக்கோ தீவைச் சொல்லியிருப்பேன், ஏழு கிலோமீட்டர் வெண்மணல் அங்கே இருக்கிறது. இஷிகாகியின் கபிரா விரிகுடாவைப் படத்தில் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருப்பீர்கள். அந்த மரகத நீரில் நீந்தத் தடை, நீரோட்டம் வலுவானது. கண்ணாடி அடித்தளப் படகில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்காக இன்னொரு விமானம், இன்னொரு ஹோட்டல் வேண்டாம்.

ஏப்ரல் கடைசியில் வெயில் இதமாக இருக்கும், தண்ணீர் மட்டும் நம் உடம்புக்குக் கொஞ்சம் குளிரும், 25 டிகிரியைத் தொடாது. பிள்ளைகளுக்குக் குளிர் தாங்கும் நீச்சல் உடையான வெட்சூட் வாடகைக்குக் கிடைக்கும், ரிசார்ட்டில் சூடாக்கிய குளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோடையில் வந்து கொட்டும் ஹாபு ஜெல்லி மீன் தொல்லை அப்போது இருக்காது, புயல் காலமும் அல்ல. நம் கடல் மாதிரி அலை அடிக்காது, பவளத் திட்டு தடுத்துவிடுவதால் குளம் போலக் கிடக்கும். நீர் வற்றும் நேரத்தில் முழங்கால் அளவு கூட இராது, ஏறும் நேரத்தில்தான் நீந்த முடியும். அந்த நேரத்தை ரிசார்ட்டில் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பவளத்தை மிதிக்கக் கூடாது என்று மகனுக்குச் சொல்லுங்கள், அது உயிருள்ளது, காலையும் கிழித்துவிடும்.

ஒகினாவாச் சமையலில் பன்றி இறைச்சி இல்லாத பண்டம் குறைவு. அதனால் இந்த நான்கு இரவுக்கு மட்டும் சமையலறையோடு கூடிய குடும்ப அறையை எடுங்கள். சந்தையில் அம்மா பாகற்காயைப் பார்ப்பார்கள், அங்கே அதற்கு 'கோயா' என்று பெயர், ஒகினாவாக்காரர்களுக்கு உயிர். ஊதா நிறச் சர்க்கரைவள்ளியும் கிடைக்கும். பாக்கெட்டில் அடைத்த ரசப்பொடி, சாம்பார்ப்பொடி கொண்டு போகலாம். பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு ஒரு மாத அளவுக்குள் வையுங்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

ஒரு நாள் சுராவுமி மீன் காட்சியகம். எட்டு மீட்டர் உயரக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் திமிங்கலச் சுறா மெல்லத் திரும்பும். சக்கர நாற்காலியோடு எல்லாத் தளத்துக்கும் போகலாம், அந்தச் சுவருக்கு எதிரே உட்கார இடமும் இருக்கிறது. அப்பாவும் பேரனும் அங்கிருந்து சீக்கிரம் எழுந்து வர மாட்டார்கள்.

அந்தப் பதின்மூன்றாவது இரவு, நாஹாவிலிருந்து திரும்பி டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில். உள்நாட்டு விமானம் தாமதமானால் ஆறு பேரின் வெளிநாட்டு விமானம் தவறிப்போகும். அந்தப் பயத்தோடு கடைசிக் கடற்கரை நாளைக் கழிக்க வேண்டாம்.

விசா நம் ஊர்க்காரர்களுக்கு இப்போது இ-விசாவாக வருகிறது. ஹனேடாவில் இணைய இணைப்போடு போன் திரையில் காட்ட வேண்டும், அச்செடுத்ததோ ஸ்கிரீன்ஷாட்டோ செல்லாது. ஆறு பேருடையதும் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து, ரோமிங்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். விமானச் சீட்டுக்கு முன்னால் ரியோகானுக்கு அம்மாவின் சாப்பாட்டுக் குறிப்பை அனுப்புங்கள். அங்கிருந்து என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள். முடியாது என்றால் ஹகோனேவிலேயே வேறு இடம் சொல்கிறேன்.